மாமா வீட்டு நெட்டு

என் தாய்மாமன் பாண்டியராஜனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும், ‘தெரியாது’ என்று சொல்வதைத் தவிர. எந்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று தெரியும். மாடு ஏன் தீனி எடுக்கவில்லை என்று தெரியும். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று ஆறு மாதம் முன்னாலேயே தெரியும். அவர் சொன்ன இடத்தில் போர் போட்டுப் புழுதி வந்தால், தோண்டியவன் கை சரியில்லை என்பார். ஊரில் உரக்கடை அவருடையது ஒன்றுதான், ஆகவே எல்லோரும் தலையாட்டுவார்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து மேற்கே போகும் மினி பஸ்ஸுக்குக் கடைசி ஊர் எங்களுடையது. பஸ் திரும்புகிற இடம் மாமா கடை வாசல். ஊரை விட்டு யார் கிளம்பினாலும் அவர் கண்ணில் படாமல் போக முடியாது. எதற்குப் போகிறார்கள் என்று கேட்காமலும் அவர் விடமாட்டார்.

இது நடந்தது 2004-ல். நான் பசுமலையில் பிளஸ் டூ முடித்திருந்தேன், கம்ப்யூட்டர் குரூப். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில், நன்றாகப் படிக்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை கம்ப்யூட்டர் படிப்பையும் ஹாஸ்டலையும் இலவசமாகக் கொடுத்தது. மதுரையிலேயே பரீட்சை வைத்தார்கள். நானும் என்னோடு படித்த முத்துமீனாவும் எழுதினோம். நான் நன்றாகவே எழுதியிருந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தேர்வானவர்களுக்குத் தனியாகக் கடிதம் வராது, பெயர்களை வெப்சைட்டில் போடுவோம், போட்ட ஒரு வாரத்துக்குள் வந்து சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று பரீட்சை ஹாலிலேயே சொல்லி அனுப்பினார்கள். எனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். அப்பா முத்திருளனுக்கு இருந்த ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு என்னை வேறு எங்கேயும் படிக்க வைக்க முடியாது.

திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருந்தது. வாரத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். அப்படித்தான் நினைத்திருந்தேன். என் அம்மா ஜெயக்கொடி இந்தச் செய்தியைப் பெருமையாகத் தன் அண்ணன் காதில் போட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

“இதுக்கு எதுக்குத் தாயி பரங்குன்றம் போகணும்? நெட்டே நம்ம வீட்ல இருக்கு. மாமன் நான் பாத்துச் சொல்றேன்” என்றார் மாமா.

கடையில் உரம் வாங்க நின்ற நாலு பேர் கேட்கும்படிதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் அதோடு சரி. அதை இன்னொருத்தரிடம் கொண்டுபோனால் மாமன் கையால் ஆகாதவன் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. என் சடங்குக்கு லாரியில் சீர் இறக்கிய மாமன் அவர். அம்மா இன்றைக்கும் அந்த லாரியைப் பற்றிப் பேசுவாள், லாரி நிறைய என்ன இருந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

மாமா வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. கடைக் கணக்குக்கென்று மதுரையில் பழசாக வாங்கி வந்து, பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். லேண்ட்லைன் இருந்தது. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வைக்கிற மோடமும் இருந்தது. ஆனால் சித்திரையில் ரோட்டை அகலப்படுத்த வந்த பொக்லைன் மண்ணோடு சேர்த்துக் கேபிளையும் இழுத்துப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து லேண்ட்லைன் பிணம். வேறு யாராக இருந்தாலும், “போனு செத்துக் கெடக்கு, நீ பரங்குன்றத்துலயே பாத்துக்க” என்று சொல்லியிருப்பார்கள்.

மாமா யோசித்தார். அவருடைய யோசனையைச் சும்மா சொல்லக் கூடாது, கேட்டால் சரி என்றுதான் தோன்றும். மோடம் கேட்பது ஒரு போனை. செல்போனும் போன்தானே? டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் போய், செல்லோடு வந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயரின் காதுப் பக்கத்தை வெட்டச் சொல்லி, அந்த நுனியில் லேண்ட்லைனுக்குப் போடுகிற சின்னப் பின்னை வைத்து வாங்கிக்கொண்டு வந்தார். செல்லில் ஒரு முனை, மோடத்தில் ஒரு முனை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பின் உள்ளே போய் உட்கார்ந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கரண்டு கொடுத்தால் அது எப்போதும் எரியும் என்று யார் அவரிடம் சொல்வது?

“வயரு, கம்பம் ஒண்ணும் வேணாம். செல்லுல இருந்து நேரா நெட்டு. மதுரைலயே எவன்ட்டயும் கிடையாது” என்று கடைக்கு வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர்கள் பச்சை விளக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

நான் காலையில் தண்ணீர் எடுக்கப் போகும்போது கேட்பேன்.

“மாமா, போட்டுட்டாய்ங்களா?”

“பாத்துட்டேன் தாயி. இன்னும் போடலை.”

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதேதான், கொஞ்சம் எரிச்சலோடு.

ஒரு மத்தியானம் அம்மா கொடுத்த குழம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாமா கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தார், கீழே வைத்தார், வயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. டயல் டோன் இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதை மூடினார். திரும்பவும் அழுத்தினார். திரும்பவும் அதே பெட்டி. நான் வந்தது தெரிந்ததும் மானிட்டரை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

“அது கனெக்ட் ஆகலை மாமா. டயல் டோன் இல்லைன்னு வருது” என்றேன்.

“அது அப்பிடித்தான் வரும். இப்பத்தான் பாத்து முடிச்சேன். உன் காலேசுக்காரன் இன்னும் போடலை. குழம்பை அத்தைட்டக் குடுத்துட்டுப் போ.”

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். மாமா வீட்டில் நெட்டே வரவில்லை, அவர் ஒருநாளும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை என்றேன். அம்மா கையில் இருந்த கரண்டியை ஓங்கினாள்.

“நாலு எழுத்துப் படிச்சதும் மாமனையே குறை சொல்றியா? அவரு பொய் சொல்ல அவருக்கு என்னடி தலையெழுத்து?”

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. பொய்யால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. லாபம் இல்லாத பொய்யை நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவிடம் தனியாக அழுதேன். அவர் வாயில்லாப் பூச்சி. என்றாலும், “சரி, வா. போய்ப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் முழுசாக வருவதில்லை. அப்பா வெள்ளை வேட்டி கட்டினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பஸ் திரும்பி நின்றது. நாங்கள் ஏறப் போகும்போது கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“என்ன மாப்ள, அப்பனும் மகளும் கெளம்பிட்டீக?”

அப்பாவுக்குப் பொய் வராது. “கோயிலுக்கு மச்சான்” என்றார். அதைச் சொல்லும்போதே அவர் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

மாமா படியிறங்கி வந்தார். குரலை உயர்த்தவில்லை. “கோயிலுக்கா, பிரவுசிங் சென்டருக்கா? போங்க மாப்ள. தாராளமாப் போங்க. என் வீட்ல வெச்சிருக்கது நெட்டு இல்ல, தகர டப்பான்னு பரங்குன்றம் பூரா சொல்லிட்டு வாங்க. இனிமே உங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு அந்தச் சென்டர்காரனையே வந்து மாமனா நிக்கச் சொல்லுங்க.”

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீழே இன்னும் ஒரு தங்கை இருந்தாள், சீர் செய்ய மாமன் வேண்டும். அப்பா படியில் வைத்த காலைக் கீழே எடுத்தார். கண்டக்டர் விசில் அடித்தான். பஸ் போய்விட்டது. “சாயங்காலம் மாமா பாத்துச் சொல்றேங்குறார்ல” என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். அவர் அப்படி இறங்கியிருக்கக் கூடாது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்தவில்லை, மாமாவும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனி முடிந்து ஆடி வந்தது. ஆடிக்காற்றில் கடைச் சாக்குகள் பறந்தன. ‘இன்னும் போடலை’ மட்டும் அசையாமல் நின்றது.

ஆவணி பிறந்ததும் ஒருநாள் முத்துமீனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஊர் தனக்கன்குளம். அவள் அப்பா சிவபாண்டி செங்கல் சூளையில் வேலை பார்த்தார். கையில் கோயம்புத்தூர் அல்வா வைத்திருந்தாள், கல்லூரி அடையாள அட்டையைக் கழற்றாமல் கழுத்திலேயே போட்டிருந்தாள்.

“ஏன்டி நீ வரலை?” என்றாள். “உன் பேரு மூணாவதா இருந்துச்சு. நான் பதினெட்டாவது. ஒரு வாரம் பூரா உனக்கும் சேத்து ஹாஸ்டல்ல பாய் விரிச்சு இடம் பிடிச்சு வெச்சேன். உனக்கு இன்ஜினியரிங்கே கெடச்சிருச்சோன்னு நெனச்சேன்டி.”

அம்மாதான் கேட்டாள், “இப்பப் போனா சேத்துக்குவாய்ங்களா?”

“அந்த இடத்துக்கு அப்பவே வேற ஆளைப் போட்டாச்சும்மா.”

அவளுக்கு யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டேன். அப்பாவோடு சைக்கிளில் போய் பரங்குன்றம் சென்டரில் பார்த்தாளாம். அவளுக்கும் தாய்மாமன் உண்டு. ஆனால் அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. கொடுத்து வைத்தவள்.

அம்மா அல்வாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தலையைக்கூட முடியாமல் தெருவில் நடந்தாள். அவள் அண்ணனிடம் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். நான் பின்னாலேயே ஓடினேன். கடையில் கூட்டம். ஆவணி விதைப்புக்கு உரம் வாங்க ஊரே நின்றது.

“அண்ணே, எம் மக பேரு மூணாவதா வந்துருக்கு. நீங்க பாத்தீகளா இல்லையா? எனக்கு இன்னைக்கே தெரியணும்” என்று கத்தினாள்.

மாமா தராசில் இருந்து கையை எடுத்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். ‘நெட்டு வரலை ஜெயக்கொடி, எனக்குத் தெரியலை’ என்று ரெண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால், நான் அழுதுவிட்டு மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் நின்றவர்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

“பாத்தேன். மூணாவதாத்தான் இருந்துச்சு. நாந்தேன் சொல்லலை.”

உரம் வாங்க நின்றவர்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“என் மருமக அங்கிட்டுக் கோயம்புத்தூர்ல போய் ஆஸ்டல் சோறு திங்கவா? நாளைக்கு எவனையாச்சும் இழுத்துட்டு வந்து நிப்பா. எம் மகன் அருள்பாண்டிக்குன்னு நான் நெனச்சு வெச்சிருக்க பிள்ள அது. மாமனுக்கு அம்புட்டு உரிமைகூட இல்லையா? கேக்குறேன், சொல்லுங்கய்யா!”

“அதானே!” என்று ஒரு கிழவர் சாக்கின் மேலிருந்து சொன்னார். “கடைக்காரரு கில்லாடிதேன்” என்று இன்னொருத்தர் சிரித்தார். என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கோபம் அவள் முகத்திலிருந்து வடிந்துகொண்டிருந்தது. அண்ணன் தானாக வாய் திறந்து பெண் கேட்டுவிட்டார், அதுவும் ஊர் முன்னால். இத்தனை வருஷமாக அவள் வேண்டாத சாமி இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது அழுகைதான், ஆனால் எனக்காக அழுதது இல்லை.

“பொய்!” என்று நான் கத்தினேன். “அவரு பாக்கவே இல்லை. அந்த வயருல நெட்டு வராது. இப்ப எல்லாரு முன்னாடியும் ஒரு தடவை தெறந்து காட்டச் சொல்லுங்க!”

அம்மா என் வாயைப் பொத்தினாள். “மாமனையே சோதிச்சுப் பாக்குறியா? வாயில புண்ணு வரும்டி.” கூட்டம் சிரித்தது. கட்டிக்கப் போகிற வீட்டைப் பற்றி இப்போதே குறை சொல்கிறாள், நல்ல மருமகள்தான் என்று கேலி பேசினார்கள்.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். “மாமா, என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க. பாத்தீகளா?”

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு தடவைகூட வரலை தாயி. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு பாத்தேன்.”

“அப்ப அம்மாட்டச் சொல்லுங்க.”

“உங்கம்மாட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. பாரு தாயி, கெட்டவன்னு சொன்னா ஊர்க்காரன் பயப்படுவான். கூமுட்டைன்னு சொல்லிட்டான்னா ஒரு பய கடைக்கு வரமாட்டான்.” என் தலையைத் தொட வந்தார், நான் நகர்ந்துகொண்டேன். “அருள்பாண்டி நல்ல பய. உன்னைய நான் வீட்ல இருந்தே கரஸ்ல படிக்க வைக்கிறேன். மாமன் வாக்கு.”

திருடினவனைத் திட்டலாம், சாபம் விடலாம், போலீசுக்குக்கூடப் போகலாம். தொலைத்துவிட்டு ‘நாந்தேன் திருடினேன்’ என்று மார்தட்டுகிறவனை என்ன செய்வது? அவர் என்னைக் கெடுக்கவே நினைக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வேண்டுமென்று செய்திருந்தால், நான் அவருக்கு அவ்வளவு முக்கியம் என்றாவது ஆகியிருக்கும். ‘தெரியாது’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் என் படிப்பைக் கொடுத்தார், அந்தப் பொய் நிற்பதற்குத் தன் மகனையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆவணியிலேயே பூ வைத்துவிடுவது என்றும், எனக்குப் பதினெட்டு முடிந்ததும் தையில் கல்யாணம் என்றும் பேசி முடித்தார்கள். சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். “ஊருக்குள்ள சொல்லியாச்சே தாயி” என்றார் அப்பா.

பூ வைக்கிற அன்று மாமா வீட்டு ஹாலில் உட்கார இடமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அருள்பாண்டி லீவு போட்டு வந்திருந்தான். அந்த வாரம்தான் லைன்மேன் வந்து அறுந்த கேபிளை ஒட்டியிருந்தார், லேண்ட்லைனுக்கு உயிர் வந்திருந்தது. அருள்பாண்டி சும்மா இருக்கமாட்டாமல் கம்ப்யூட்டர் பக்கம் போனவன், மோடத்தின் பின்னால் கையை விட்டு வயரை வெளியே எடுத்தான்.

“என்னப்பா இது, ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயரைப் போய் மோடத்துல சொருகி வெச்சிருக்கீக?”

ஹாலில் எல்லோரும் கேட்டார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. “அது சும்மா கெடக்கு, தூரப் போடு. லைனைக் குடு” என்றார் மாமா. அவன் அதைச் சுருட்டி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு லேண்ட்லைன் வயரைச் சொருகினான்.

மோடம் நம்பர் போட்டது. பிறகு கிறீச்சென்று கூப்பாடு போட்டது. குழந்தைகள் காதைப் பொத்தின. மாமாவே ஒரு அடி பின்னால் போனார். சத்தம் நின்றதும் அருள்பாண்டி, “வந்துருச்சு. என்ன பாக்கணும்?” என்றான்.

மாமா அவன் காதில் கல்லூரியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பக்கம் மேலேயிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் கல்லூரியின் முத்திரை, பிறகு தலைப்பு, பிறகு பெயர்கள். மாமா விரலை வைத்து எண்ணினார், மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

“பாத்துக்கங்கய்யா! தமிழ்வாணி. எம் மருமக! ஜில்லா ஜில்லாவா எழுதுனதுல மூணாவது ஆளு. எப்பேர்ப்பட்ட பிள்ளையை நான் என் வீட்டுக்குக் கொண்டுவாரேன் பாருங்க!”

எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அம்மா தங்கையைத் தூக்கிப் பிடித்து என் பெயரைக் காட்டினாள். அத்தை வந்து என் தலையில் மல்லிகைப்பூவை வைத்தாள். அருள்பாண்டி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

என் பெயரை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எழுத்துப்பிழைகூட இல்லாமல் சரியாகப் போட்டிருந்தார்கள். பட்டியலுக்குக் கீழே, சேர வேண்டிய கடைசித் தேதி சிவப்பில் இருந்தது.

கூட்டம் பந்திக்கு எழுந்தபோது மாமா என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“இப்பவாச்சும் நம்புறியா தாயி, மாமன் வீட்ல நெட்டு வருதுன்னு?”